கர்த்தருக்கு நேர்ந்த மாடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் ஒருவர் சாட்சி சொன்னார். புதிதாகக் கட்டிய வீட்டின் மாடி முழுவதையும் ஆண்டவருக்கே கொடுத்துவிட்டாராம். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், அவருக்கும் என் வயதுதான் இருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்: அந்த மாடியின் சாவி யாரிடம் இருக்கிறது?

இது நல்ல குணம் இல்லை என்று எனக்குத் தெரியும். முழங்கால் போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். இனிமேலாவது அடுத்தவர்களை நம்பப் பழக வேண்டும். உங்களில் பலருக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு செவலை மாடு வந்து எதிரே நிற்கிறது.

செஞ்சியில் சிங்கவரம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் எங்கள் கொல்லை. மழையை நம்பி மல்லாட்டை போடுகிற நிலம். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கொல்லை முடிகிற இடத்தில் பாறைகள், பாறைகளுக்கு மேலே கோட்டை. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை சாயங்காலம் அதைத் திருப்பி ஊதும். அந்தச் சூட்டோடு மாட்டுத் தொழுவத்தின் வாசனையும் ஊறவைத்த புண்ணாக்கின் வாசனையும் கலந்து வீட்டுக்குள் வரும். தொழுவத்தை ஒட்டி ஒரு கழுநீர்த் தொட்டி இருந்தது. முழுப் பாறையில் குடைந்தது. அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், மீந்த கஞ்சி எல்லாம் அதில்தான் போகும். அந்தத் தொட்டி இப்போது எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

செவலை மாடு தாத்தாவுடையது. நல்ல கறவை. நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. எங்களுக்கு மேற்கே கொல்லை வைத்திருந்தவர் அதைப் பார்க்கும்போதெல்லாம், "பொறக்கும்போதே துண்ணூறு பூசிக்கினு வந்திருக்குது" என்பார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. நாங்கள் அந்தத் தெருவில் இருந்த ஒரே கிறிஸ்தவக் குடும்பம்.

மாடு கன்றாக இருந்தபோது அதை வளர்த்தது என் அத்தை. நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. அவளைத் திருவண்ணாமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் வேலைக்கென்று பெங்களூர் போனவன், அப்புறம் வரவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருஷம் ஆடி மாதம் தாத்தா படுக்கையில் விழுந்தார். அத்தைக்குச் சொல்லி அனுப்பி, அவள் வந்து சேர்வதற்குள் அவர் பேச்சு நின்று, உயிரும் போய்விட்டது. ஆனால் பேச்சு நிற்பதற்கு முன்னால் அவர் நைனாவிடம் சொன்னதை நான் கேட்டேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"மாட்ட என் பொண்ணுக்குக் குட்துடு. அவளுக்குன்னு நான் ஒண்ணும் செய்யல."

"செரி நைனா" என்றார் என் நைனா.

பக்கத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. அதையும் பார்த்தேன்.

அத்தை தாத்தாவின் அடக்கத்துக்கு வந்தபோது இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் ஒரு டிரங்குப் பெட்டி. ஊரே தாத்தாவைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, அம்மா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நைனாவிடம் அடுப்படியில் சொன்னாள்: "சாவுக்கு வர்றவ பொட்டியோடவா வருவா? கணக்குப் போட்டுக்கினுதான் வந்திருக்கறா."

அத்தை எங்கள் வீட்டில் தங்கவில்லை. தங்கச் சொல்லவில்லை என்பதுதான் சரி. செட்டிகுளத்துப் பக்கம் ஒரு வீட்டோடு சேர்ந்த தாழ்வாரத்தை வாடகைக்குப் பிடித்தாள். மல்லாட்டை மண்டியில் தோல் உடைக்கிற வேலைக்குப் போனாள். கையாலேயே உடைக்க வேண்டும். தோலைத் தண்ணீர் தெளித்து நனைத்து உடைப்பார்கள். சாயங்காலம் அவள் விரல் நுனிகள் ஊறிப்போய், வெடித்து, மண் நிறத்தில் இருக்கும்.

தாத்தாவுக்காக வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைத்தோம். கோயிலிலிருந்து எல்லாரும் வந்தார்கள். நாங்கள் மாதாகோயில்காரர்கள் இல்லை, ஆனாலும் சபை கூடுகிற இடத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். போதகர் வந்தார். அவர் தெற்கத்திக்காரர், அந்த ஊருக்குப் புதியவர், சைக்கிளில் வருவார். பொருளாளர் வந்தார். அவர் ரைஸ்மில் வைத்திருந்தார். பாட்டும் ஜெபமும் முடிந்து டீ கொடுக்கும்போது, அத்தை எல்லார் முன்னாலும் கேட்டாள். தாத்தா சொன்னது யார் மூலமோ அவள் காதுக்கு எட்டியிருந்தது. இப்போது நினைத்தால், எல்லார் முன்னாலும் கேட்டால்தான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அண்ணா, நைனா எனக்குன்னு சொன்ன மாட்ட நான் ஓட்டிக்கினு போவட்டுமா? குளத்துப் பக்கம் கட்ட எடம் இருக்குது."

நைனா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த மாட்ட நான் கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணிட்டேன். நைனா கண்ண மூடின அன்னிக்கே படைச்சிட்டேன். அது மேல எனக்கும் பாத்தியத இல்ல, என் கூடப் பொறந்தவளுக்கும் பாத்தியத இல்ல."

ரைஸ்மில்காரர் முதலில் ஸ்தோத்திரம் என்றார். பிறகு எல்லாரும் சொன்னார்கள். போதகர் மட்டும் நைனாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்போது ஒப்படைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"அறுப்புப் பண்டிகைக்கு" என்றார் நைனா.

எங்களுக்கு அறுப்புப் பண்டிகை மாசியில். நடுவில் எத்தனையோ மாதங்கள் கிடந்தன. மனுஷனிடம் என்றால் சண்டை போட்டு வாங்கலாம். கர்த்தரிடம் போய் மாட்டைத் திருப்பிக் கொடு என்று யார் கேட்பது? அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது தொழுவத்தில் நின்று மாட்டின் தாடையைத் தடவினாள். மாடு அவள் கையை நக்கியது.

மறுநாள் காலையில் நான் சீக்கிரமே எழுந்துவிட்டேன். கர்த்தருடைய மாட்டுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. நைனா எப்போதும்போல முண்டாசைக் கட்டிக்கொண்டு, பித்தளைச் சொம்பை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கறந்தார். பாலில் பாதி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனது. மீதியை அம்மா காய்ச்சினாள்.

"கர்த்தரு மாட்டுப் பால நாம குடிக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"வைக்கோல் யாரு போடறது? புண்ணாக்கு யாரு வாங்கறது? நாமதான? அப்ப பாலு நம்முது. மாடுதான் கர்த்தருது."

அந்தப் பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் பதில் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று கவனிக்கிற பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

ஆவணியில் அத்தையின் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து, நின்று, உடம்பு குச்சியாகிவிட்டது. ஒரு நாள் காலையில் அத்தை ஒரு சின்ன தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, கொழந்தைக்கு ஒரு டம்ளர் பாலு."

அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்: "கர்த்தருக்கு நேந்ததாச்சே. நான் எடுத்து ஊத்திட்டா நாளைக்கு அவரு கேக்க மாட்டாரா?"

நான் அந்த நேரத்தில் பால் குடித்துவிட்டு வெளியே வந்தேன். என் மேலுதட்டில் பால் ஒட்டியிருந்திருக்கிறது. அத்தை முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். கோபமாகத் துடைக்கவில்லை. என் முகத்தை நிமிர்த்தி, மெதுவாக, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற மாதிரி துடைத்தாள். பிறகு காலிப் பாத்திரத்தோடு போய்விட்டாள்.

அம்மாவைக் கெட்டவள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த வருஷம் மழை தவறிவிட்டது. கொல்லையில் மல்லாட்டைச் செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. பிடுங்கினால் வேரில் பொக்குக் காய்தான் வந்தது. டீக்கடைக்குப் போகிற பால்தான் எங்கள் வீட்டு அரிசி. அன்று அத்தை போன பிறகு அம்மா என் தலையை வாரிவிட்டபடி, "அவளுக்குத் தூக்கிக் குட்துட்டா ஒனக்கு இன்னாடி இருக்குது?" என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. என்னுடையது எதையோ அத்தை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

இதற்கிடையில் செய்தி தெருவில் பரவிவிட்டது. மேற்குக் கொல்லைக்காரர் வேலியோரம் நின்று நைனாவிடம் கேட்டார்: "மாட்ட சாமிக்கு நேந்து வுட்டுட்டியாமே. கோயில் மாடா?"

நைனா என்ன சொல்வார்? ஆமாம் என்றார்.

கோயில் மாடு என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சாமிக்கு என்று விட்ட மாட்டை யாரும் அடிக்க மாட்டார்கள். யார் கொல்லையில் மேய்ந்தாலும் கையைத் தட்டி விரட்டுவதோடு சரி. முதலில் ஒரு நாள் முளைக்கயிறு அறுந்து மாடு மேற்குக் கொல்லைக்குள் போய்விட்டது. அவர் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி வைத்திருந்த செடிகள், பச்சைப் பசேல் என்று இருந்தன. அது வயிறு முட்ட மேய்ந்தது. அவர் ஒரு குச்சியைக்கூட எடுக்கவில்லை. நைனா இதைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு கயிறு அடிக்கடி அறுந்தது. நான் ஒரு தடவை தரையில் கிடந்த கயிற்றை எடுத்துப் பார்த்தேன். அது அறுந்த கயிறு இல்லை, அவிழ்த்த கயிறு.

புரட்டாசியில் மேற்குக் கொல்லைக்காரர் வீட்டுக்கே வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"உங்க சாமி மாடு தெனமும் என் கொல்லையிலதான் இருக்குது. நான் அடிக்கல. எந்த சாமியா இருந்தா இன்னா, நேந்தத அடிக்கலாமா? நீயே சொல்லு. கட்டிப் போட்டா புண்ணியமாப் போவும்."

"கர்த்தரோட மாடு. அதக் கட்டிப் போட நான் யாரு?" என்றார் நைனா.

அவர் நைனாவை உற்றுப் பார்த்தார். அவருக்கும் அன்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். இடுப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். தை பிறந்து மாட்டுப் பொங்கல் அன்று, சினையாக இருந்த எங்கள் மாடு கழுத்தில் மாலையும் நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாகத் தெருவில் நடந்து வந்தது. தெருவே சேர்ந்து கும்பிட்டிருக்கிறது. நைனா பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். "விக்கிரகத்துக்குப் படைச்சது மாதிரி பண்ணிட்டானுங்க" என்று முணுமுணுத்தார். அவர்கள் பொங்கலில் ஒரு உருண்டையை மாட்டுக்கு ஊட்டியிருந்தார்கள். மாட்டின் மூக்கிலிருந்து வெல்ல வாசனை வந்தது.

போதகர் மாதத்துக்கு ஒரு தடவையாவது சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுத் தொழுவத்தை எட்டிப் பார்ப்பார். "எவ்வளவு கறக்கும்?" என்று கேட்பார். "சினை எத்தனை மாதம்?" என்று கேட்பார். அவருக்கு ஒல்லியான மூன்று பிள்ளைகள். அவர் போன பிறகு அம்மா தவறாமல் சொல்வாள்: "பாத்தியா, அந்தாளுக்கு மாட்டு மேலயே கண்ணு."

பொங்கல் கழிந்து மாடு கன்று போட்டது. கிடேரிக் கன்று, தாயைப் போலவே செவலை. நைனா சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சச் சொல்லி, போதகர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போதகர் கட்டி கட்டியாக அதைத் தின்றுவிட்டு, கிண்ணத்தின் ஓரத்தையும் வழித்தார். நைனா சமயம் பார்த்து, கன்று சின்னது, ஒப்படைப்பதை அடுத்த வருஷப் பண்டிகைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்றார்.

"கன்றும் கூடவே வரட்டும்" என்றார் போதகர்.

திரும்பும்போது நைனா வழியில் ரைஸ்மில்லில் நுழைந்தார். தவிட்டுப் புழுதிக்குள் நின்று அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. பண்டிகையில் காணிக்கையாக வருவதையெல்லாம் ஏலம் விடுவது வழக்கம். மாட்டை ஏலத்தில் விட்டால் நைனா ஒரு விலை கேட்பார். காணிக்கை கொடுத்தவரே கேட்கும்போது மேலே யாரும் கேட்காமல் ரைஸ்மில்காரர் பார்த்துக்கொள்வார். மாடு வீட்டுக்குத் திரும்பும், பொருத்தனையும் நிறைவேறும்.

"கர்த்தருக்கும் நஷ்டமில்ல, ஒனக்கும் நஷ்டமில்ல" என்று ரைஸ்மில்காரர் சிரித்தார்.

அறுப்புப் பண்டிகை அன்று கோயில் மணத்தது. பீடத்தைச் சுற்றிப் பூசணி, கரும்பு, நெற்கதிர், முட்டைக் கூடை, கால் கட்டிய சேவல்கள். பிரசங்கத்துக்கு நடுவே சேவல் கத்தும், பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். வெளியே வேப்பமரத்தில் மாடும் கன்றும். மேற்குக் கொல்லைக்காரரும் தெருக்காரர்கள் சிலரும் ஏலம் பார்க்க வந்து மரத்தடியில் நின்றார்கள். அத்தை பெண்கள் வரிசையில் கடைசியில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போதகர் அன்றைக்குப் பேசியது, பெற்றவர்களுக்கும் வீட்டாருக்கும் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களைப் பற்றி. இயேசு அவர்களை மாயக்காரர்கள் என்று கடிந்துகொண்டதைச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு ஆட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாக ஆட்டியது நைனா.

ஏலம் தொடங்கியது. பூசணி போனது, சேவல் போனது. ரைஸ்மில்காரர் மாட்டை அவிழ்த்து முன்னால் கொண்டுவந்தார். நைனா தொண்டையைச் செருமினார். அப்போது போதகர் கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"இது ஏலத்துக்கு இல்லை. கர்த்தருக்குக் கொடுத்ததை விற்பானேன்? அவர் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம்."

மரத்தடியில் மேற்குக் கொல்லைக்காரர், "அதான் மொற" என்று சத்தமாகச் சொன்னார். போதகர் மாட்டை நடத்திக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குப் போனார். கன்று துள்ளிக்கொண்டு பின்னால் போயிற்று. நைனா செருமிய தொண்டையோடு அப்படியே நின்றார்.

எங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன், சொன்னேன்" என்று அம்மா அழுதாள். அவள் சந்தேகம் பலித்துவிட்டது. காலிக் கழுநீர்த் தொட்டியைப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை. போதகர் ஒரு திருடன் என்று நான் முழுசாக நம்பினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில்தான் போதகர் வீடு. வேலி வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னாள் அம்மா. முதல் இரண்டு மூன்று நாட்கள் போதகரின் மனைவி கறக்க முயன்றதைப் பார்த்தேன். மாடு சுரக்கவில்லை. மடியைத் தூக்கிக்கொண்டு காலை உதறியது. அடுத்த வாரம் பார்த்தால் அத்தை உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். கன்றை ஊட்டவிட்டு, மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஏதோ பேசிக்கொண்டே கறந்தாள். பாதியைப் போதகரின் மனைவியிடம் ஊற்றினாள். மீதியைத் தன் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டாள்.

பார்த்ததை வீட்டில் சொன்னேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்தார். "ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கறாங்க" என்றார். அன்றிலிருந்து அவர் ரைஸ்மில்லில், டீக்கடையில், கோயில் வாசலில் அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தச் 'சேர்ந்து' என்ற வார்த்தைக்கு வேறு நிறம் ஏறியது. பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு என் கல்யாணத்துக்குப் பிறகுதான் விளங்கியது. விளங்கியபோது நான் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரைஸ்மில்காரர் ஆரம்பித்தார்.

"அந்தப் பொம்பள விடிஞ்சும் விடியாம ஐயா வீட்டுக்குப் போறதா சொல்றாங்க. சபைக்கு இது நல்லதா?"

போதகரின் மனைவி எழுந்தார். நாங்கள் அவர் குரலைப் பாட்டில் தவிரக் கேட்டதே இல்லை. "நான்தான் வரச் சொன்னேன். மாடு எனக்குச் சுரக்கவில்லை. அவர்களுக்குச் சுரக்கிறது" என்றார்.

"பாலு?"

போதகர் சொன்னார்: "மாட்டைப் பங்கு வாரத்துக்கு விட்டிருக்கிறேன். பாலில் பாதி அவர்களுக்கு. கன்று அவர்களுக்கு. பராமரிப்பு அவர்களுடையது. நீங்கள் எல்லாரும் உங்கள் மாட்டை வாரத்துக்கு விடுவதில்லையா?"

நைனா எழுந்தார். "யாரக் கேட்டு வுட்டீங்க? அதச் செய்யறதுக்கு நீங்க யாரு? மாடு என்னுது."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நைனா பக்கம் திரும்பினார்கள்.

"யாருடையது?" என்று போதகர் கேட்டார்.

நைனா உதவிக்கு ரைஸ்மில்காரரைப் பார்த்தார். ரைஸ்மில்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு அந்த வயதிலும் தெரிந்தது, அந்தப் பொருத்தனையை நைனா ஒரு நாளும் நம்பியதில்லை என்று.

பின்வரிசையிலிருந்து அத்தை பேசினாள். "அண்ணா, மாடு ஒனக்கு வோணும்னா ஓட்டிக்கினு போ. நான் ஐயா கிட்ட சொல்லிக்கிறேன். என்னப் பத்தி வெளிய சொன்னியே, அத மட்டும் இல்லன்னு இங்க எல்லார் முன்னாலயும் சொல்லிடு."

நைனா அவள் பக்கம் திரும்பவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தும் பார்க்காதவராக நடந்தார்.

அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். மாடும் வந்திருக்கும், தங்கையும் இருந்திருப்பாள். இன்றும் நான் அதை யோசிப்பேன். தன்னிடம் இருக்கும் எதையும் கொடுக்க மனசில்லாதவருக்கு ஒரு வார்த்தையைக் கொடுப்பதும் அத்தனை கடினமாக இருந்திருக்கிறது.

கோடை பிறக்கும் முன்னால் போதகருக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டுச் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். கடைசிப் பிள்ளை வண்டியில் உட்கார்ந்து அழுதது. மாட்டைச் சபையார் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கன்று மட்டும் முன்னாலேயே அத்தை கைக்குப் போயிருந்தது. அவள் ஊரைவிட்டுப் போனதை நான் பார்த்தேன். தலையில் டிரங்குப் பெட்டி, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கன்றின் கயிறு. பக்கத்துக் கிராமமான தொண்டூரில் ஒரு சமணக் குடும்பம் தங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். தொழுவத்தை ஒட்டி ஓர் அறை கொடுத்தார்கள்.

போதகர் நல்லவரா என்று நீங்கள் கேட்டால், எனக்கு இன்றுவரை தெரியாது. நியாயம் செய்ய நினைத்தவர் பண்டிகை அன்றே கயிற்றை எல்லார் முன்னாலும் அத்தை கையில் கொடுத்திருக்கலாமே. பாதிப் பாலை ஏன் வைத்துக்கொண்டார்? அவர் பிள்ளைகளும் ஒல்லி. அல்லது, வெளிப்படையாகச் செய்தால் அந்தப் பாதியும் அவளுக்குக் கிடைக்க விடமாட்டார்கள் என்று பயந்தாரோ. இரண்டும் இருந்திருக்கலாம். வயது ஆக ஆக, கர்த்தருக்குச் சேர வேண்டியதைக் கலப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யாராவது உண்டா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அந்த வருஷம் அந்தக் குழந்தை பிழைத்தது. அது எனக்குத் தெரியும்.

அத்தையின் கன்று வளர்ந்து, ஈன்று, பெருகியது. தொண்டூர் பஸ்ஸில் அவள் பால் கேன்கள் வரும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் பாதிக்கு அவள் பால்தான். நைனா அவளைத் தூரத்தில் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. அம்மா போய்ச் சேர்ந்தாள்.

நைனாவுக்குக் கடைசியில் வயிற்றில் கட்டி. எதுவும் உள்ளே தங்கவில்லை. நான் வந்து கூட இருந்தேன். ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும், அத்தை வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் சொல்லி அனுப்பவில்லை, யார் சொன்னார்களோ. கையில் எவர்சில்வர் தூக்கு. உள்ளே வந்து, கேட்காமலேயே அடுப்பைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சி, ஆற்றி, கட்டில் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அண்ணா, பாலு. கொஞ்சம் குடி."

நைனா அவளைப் பார்த்தார். அத்தனை வருஷங்களுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "யாரு மாட்டுப் பாலு?"

"என் மாட்டுப் பாலு. யாருக்கும் நேரல. குடி."

நைனா டம்ளரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அத்தைக்கும் புரிந்தது. அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

நான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினேன். பிறகுதான் நைனா குடித்தார்.